இடது பக்கம் அரை இஞ்ச்

“கையைத் தூக்குங்க அம்மிணி” என்றார் ராஜாமணி மாஸ்டர். சந்திரிகா தூக்கினாள். வலது கை சொன்ன பேச்சைக் கேட்டுத் தோளுக்கு மேலே போனது, இடது கை பாதி வழியில் நின்றுகொண்டு இதற்கு மேல் வரமாட்டேன் என்றது, அதை அவர் கவனிப்பதற்குள் இரண்டையும் சட்டென்று இறக்கிவிட்டு, “எத்தனை தடவை தூக்கறது, நான் என்ன பஸ்ஸையா நிறுத்தறேன்?” என்றாள். லேப்டாப்பை மடியில் வைத்திருந்த ஷர்மிளா சிரித்தாள், ஆர்டர் விவகாரம் பார்க்கிற மெர்ச்சன்டைசர் வேலைக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது, முதலாளி சம்சாரம் ஜோக்கடித்தால் சிரிக்க வேண்டும் என்று அதற்குள் படித்துவிட்டாள். மாஸ்டர் சிரிக்கவில்லை, அவர் வாயோரத்தில் நாலு குண்டூசியைக் கடித்தபடியே பேசிப் பழகியவர், சிரித்துப் பழகாதவர். அக்கினி நட்சத்திரம் தொடங்கி ஒன்பதாம் நாள், காலை பதினோரு மணி, திருப்பூரில் தெருநாய்கூட லாரிக்கு அடியை விட்டு வெளியே வராத வெயில், அதில் ஏற்றுமதிக்கு மாதிரி தைத்துப் பார்க்கிற சாம்பிள் அறையின் நடுவே ஒரு மர ஸ்டூலின் மேல், உள்பக்கம் முழுக்கப் பஞ்சு எழுப்பின தடித்த துணியில் தைத்த, முழங்காலைத் தொடுகிற, கழுத்தைத் தாடை வரைக்கும் மூடுகிற பாசிப்பச்சைக் கோட்டுக்குள் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஃபேன் போடக் கூடாது. ஃபேன் போட்டால் துணி ஆடும், துணி ஆடினால் அளவு தப்பும். ஏசி துணி வைத்திருக்கிற குடோனில் இருக்கிறது, துணிக்கு வியர்க்கக் கூடாதில்லையா, மனுஷிக்கு வியர்த்தால் துடைத்துக்கொள்வாள். துடைக்கவும் முடியாது, கையை அசைத்தால் ஊசி குத்தும். பின்கழுத்தில் பிறந்த ஒரு சொட்டு வியர்வை முதுகெலும்பின் கணு கணுவாக இறங்குவதை அவள் எண்ணிக்கொண்டே வந்தாள், இடுப்புப் பட்டையில் வந்து நின்றுவிட்டது, அதற்கும் வெளியே போக வழியில்லை.

“சந்திரி, நேரா நில்லு” என்றான் ஈஸ்வரமூர்த்தி போனிலிருந்து தலையெடுக்காமல், இருபத்துநாலு வருஷமாக இந்த அறையில் அவளைப் பார்த்து அவன் சொல்கிற ஒரே காதல் வசனம் அது. நேராகத்தான் நிற்கிறேன். நேராக நிற்பதற்கென்றே படிக்க வைக்கப்பட்டவள் நான். மலைமேல் இருந்த அந்தக் கான்வென்ட்டில் சிஸ்டர் பெர்னதெத் திங்கட்கிழமைதோறும் எல்லாப் பிள்ளைகளையும் வரிசையாக முட்டி போடச் சொல்வாள், பாவாடை விளிம்பு தரையைத் தொட வேண்டும், தொடாவிட்டால் பிரம்பின் நுனியால் அந்த இடைவெளியைத் தட்டிக் காட்டுவாள், “யு ஹேவ் க்ரோன், சைல்ட்” என்பாள், வளர்ந்தது ஒரு குற்றம் மாதிரி. அவளும் அளந்தாள், இவர்களும் அளக்கிறார்கள், நடுவில் யாருமே அளக்காத வருஷம் ஒன்றிரண்டு இருந்திருக்குமா என்று தேடினால், கல்லூரியில் மூன்று வருஷம், அதுவும் சாயங்காலம் ஐந்தரைக்குள் வீடு. கல்யாணமாகி வந்த நாலாவது மாதம், வாசலில் கோலம் போட்டுவிட்டு நிமிர்ந்தவளை ஈஸ்வரமூர்த்தி மேலும் கீழும் பார்த்தான், புது மாப்பிள்ளை பார்க்கிறான் என்று இவள் காது மடல் சூடாகிவிட்டது, அவன் உள்ளே போய் டேப்பை எடுத்து வந்தான். மார்பு முப்பத்தாறு, இடுப்பு இருபத்தொன்பது, தோள் பதினைந்து. “அப்படியே ஜெர்மன் மீடியம் சைஸ்” என்றான், லாட்டரி விழுந்த முகம். அன்றைக்கு ஸ்டூலில் ஏறினவள்தான். மற்ற கம்பெனிக்காரர்கள் மரப்பொம்மையும் பஞ்சுப்பொம்மையும் வாங்கிப் போட்டு அதன்மேல் சாம்பிளை மாட்டிப் பார்க்கிறபோது இவன் மட்டும் வாங்கவில்லை, வீட்டில் உயிரோடு ஒன்று இருக்கும்போது பொம்மை எதற்கு. “பொம்மை பொய் சொல்லும்ங்க, உடம்பு பொய் சொல்லாது” என்று வெளிநாட்டிலிருந்து துணி வாங்க வருகிற பையரிடமெல்லாம் சொல்வான், அவர்களும் தலையாட்டுவார்கள், ஆர்டரும் வரும். அந்த உடம்பை மீடியத்திலேயே வைத்திருக்க அவள் பட்ட பாடு பையருக்குத் தெரியாது. பிள்ளை பெற்று நாற்பதாம் நாள் வயிற்றில் துணி இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடியது, கல்யாண வீட்டுப் பந்தியில் இரண்டாவது முறை சோறு வந்தால் இலைமேல் கையை மறித்தது, “சந்திரிகா டயட்டுங்க, கலெக்டர் வேலைக்குப் போறா” என்று சம்பந்தி வீட்டுப் பெண்கள் சிரித்தது. வேலைதான். சம்பளம் இல்லாத வேலை, லீவு இல்லாத வேலை, ரிசைன் பண்ண முடியாத வேலை, ஏனென்றால் ரிசைன் லெட்டரை யாரிடம் கொடுப்பது, தோளைக் கழற்றி வைத்துவிட்டா வீட்டுக்குப் போவது.

மாஸ்டர் இடது அக்குளுக்குக் கீழே துணியை இரண்டு விரலால் கிள்ளிப் பிடித்தார். சந்திரிகா மூச்சைப் பிடித்தாள். துணிக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு மெல்லிய பனியன் மட்டும்தான், அவர் விரலுக்கும் அதற்கும் நடுவில் அரை விரல் தூரம், இன்னும் கொஞ்சம் நகர்ந்தால் தட்டும், முப்பது வருஷமாகத் துணிக்கு அடியில் என்ன இருக்கிறதென்று தொட்டுச் சொல்கிற விரல், ஒரு நூல் இழை அறுந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்கிற விரல். நகரவில்லை. “இங்கதானுங்க இழுக்குது” என்றார் அவர், “வலது பக்கம் கண்ணாடி மாதிரி நிக்குது, இடது பக்கம் பாருங்க, சுருக்கம் பட்டனுக்கு ஓடுது.” “போன தடவை கால் இஞ்ச் விட்டீங்களே?” என்றாள் ஷர்மிளா. “உட்டேன் கண்ணு. அப்ப அம்மிணிக்கு சரியா நின்னுது, அங்க ஜெர்மனில அந்தம்மா பொம்மைல போட்டுட்டு இடது பக்கம் தொங்குதுன்னு எழுதிப்போட்டாங்க. சரின்னு கால் இஞ்சை எடுத்தேன். இப்ப இங்க இழுக்குது. இங்க இழுக்குது, அங்க தொங்குது, நான் யாரைனுங்க நம்பறது?” ஈஸ்வரமூர்த்தி போனைக் கவிழ்த்து வைத்தான். “உடம்பை நம்புங்க மாஸ்டர்” என்றான்.

உடம்பை நம்புங்க. நல்லது. உடம்பு மார்கழியிலேயே சொல்லிவிட்டது, நம்பத்தான் ஆளில்லை, உடம்புக்குச் சொந்தக்காரியே நம்பவில்லை. இந்தப் பச்சைக் கோட்டின் முதல் சாம்பிளை மாட்டிக் கழற்றின அன்றைக்குச் சாயங்காலம், கழுத்தெல்லாம் பஞ்சு ஒட்டி அரிக்கிறதே என்று குளிக்கப் போனாள், சோப்பு வழுக்கிக்கொண்டு போன கை இடது மார்பின் வெளிப்பக்கம் ஒரு இடத்தில் வழுக்காமல் நின்றது. புளியங்கொட்டை. தோலுக்கு அடியில் யாரோ ஒரு புளியங்கொட்டையை ஒளித்து வைத்த மாதிரி. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள், இருந்தது. திரும்பி நின்று வைத்தாள், இருந்தது. சோப்புத் தண்ணீர் கண்ணில் போனதும் கண் எரிச்சலைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தாள், அது பரவாயில்லாமல் இருந்தது, யோசிக்கத் தகுந்த எரிச்சல். இரண்டாவது சாம்பிள் வரும்போது மொச்சைக்கொட்டை. மூன்றாவது சாம்பிளுக்கு நெல்லிக்காய், சின்ன நெல்லி, அரைநெல்லி என்று தனக்குத் தானே விலையைக் குறைத்துக் கேட்டாள். வலிக்கவில்லை, வலிக்காததுதான் நல்லதில்லை என்று போனில் போட்டிருந்தது, போட்டிருந்ததை மூடிவிட்டாள், மூடினாலும் அந்தப் போன் விடவில்லை, எப்போது திறந்தாலும் ரோஜா நிற ரிப்பன் கட்டின ஒரு சிரிக்கிற பெண்ணைக் காட்டிக்கொண்டேயிருந்தது. பிறகு வலித்தது, கையைத் தூக்கும்போது மட்டும், அப்பாடா வலிக்கிறதே என்று ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டாள், இப்படியும் ஒருத்தி சந்தோஷப்படுவாளா, இவள் பட்டாள்.

சொல்லாமலா இருந்தாள். மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இட்லிக்குச் சட்னி ஊற்றும்போது சொன்னாள், “ஏங்க, ஒரு நாள் கோயமுத்தூர் போகணும்.” “எதுக்கு?” “சும்மா, செக்கப்.” “சுகருக்குத்தானே? ஃபால் ஷிப்மென்ட் முடியட்டும், ரெண்டு பேரும் போலாம், எனக்கும் பாக்கோணும்.” சுகர் என்று அவனே ஒரு பெயர் வைத்துவிட்டான், சௌகரியமான பெயர், அவளும் அதை மறுக்கவில்லை, சட்னி ஆறிப்போனது. மறுத்திருக்கலாம். மறுக்கவில்லை. இந்த வீட்டில் எல்லாமே ஷிப்மென்ட் முடிந்துதான். ஊரில் சித்திரை, வைகாசி என்று மாதம் போகிறது, இந்த வீட்டில் ஸ்பிரிங், சம்மர், ஃபால் என்று போகிறது, அதுவும் இருக்கிற பருவம் இல்லை, வரப்போகிற பருவம், யாருடையதோ. பொங்கலுக்கு அடுப்பில் பால் பொங்கும்போது இவள் உடம்பில் ஜெர்மனிக்காரியின் இலையுதிர் காலம். ஐப்பசி மழை ஜன்னலை அறையும்போது கையில்லாத கோடை கவுனைப் போட்டுக்கொண்டு புல்லரித்த கையோடு ஸ்டூலில். மகள் யாழினி பிறந்தது ஒரு ஃபால் ஷிப்மென்ட்டில், வலி வந்தபோது அவன் தூத்துக்குடியில் கன்டெய்னரோடு இருந்தான், அங்கிருந்து போன் செய்து கேட்ட முதல் கேள்வி என்ன குழந்தை என்பது, இரண்டாவது எத்தனை நாளில் எழுந்து நிற்பாய் என்பது, தப்பாகக் கேட்கவில்லை, பாவம், அக்கறையாகத்தான் கேட்டான், ஆனால் நிற்பது என்ற சொல் இந்த வீட்டில் வேறு எதையும் குறிப்பதில்லை. அம்மா செத்தது ஸ்பிரிங் இரண்டாம் தவணையில். கருமாதிக்கு மறுநாள் ஸ்டூலில் நின்றாள், அழுத முகம் போட்டோவில் விழாது, கழுத்துக்குக் கீழேதான் எடுப்பார்கள்.

ஷிப்மென்ட் முடியட்டும் என்கிறார்களே, என்றைக்காவது முடிந்திருக்கிறதா? ஆனி கடைசியில் ஃபால் கப்பல் ஏறும். ஏறின அன்றைக்கே சம்மர் முதல் சாம்பிளுக்குத் துணி வந்து இறங்கும். நடுவில் நாலு நாள். அந்த நாலு நாளில்தான் அவள் துணிக்கடைக்குப் போவாள், ஆடித் தள்ளுபடி பலகையைக் கட்டிக்கொண்டிருக்கிற ஏணிக்கு அடியில் நுழைந்து, தீபாவளிக்கு, யாழினி பிறந்தநாளுக்கு, அடுத்த தை வரைக்கும் வரப்போகிற எல்லாக் கல்யாணத்துக்கும் சேர்த்து ஒரே மூச்சில் எடுத்துக்கொண்டு வருவாள், பிடித்ததா என்று பார்க்க நேரமில்லை, தீபாவளிக்கு முன்னால் புதுச் சரக்கு வந்து எல்லாரும் எடுப்பார்கள், இவளுக்கு அப்போது கோடை நடந்துகொண்டிருக்கும். “அக்கா, இது போன வருஷ டிசைன்” என்று கடைப்பெண்ணே மனசு கேட்காமல் சொல்லியிருக்கிறாள். “எனக்கு அடுத்த வருஷ டிசைனும் தெரியும் கண்ணு, போட்டுப் பாத்தாச்சு, ஒண்ணும் பிரமாதமில்லை” என்றாள் இவள். ஹெல்கா ஒருமுறை திருப்பூர் வந்தபோது இதையெல்லாம் சொல்லிச் சிரித்தார்கள், ஹெல்கா என்பவள்தான் அந்தத் தொங்குது என்று எழுதிப்போட்ட ஜெர்மனிக்காரி, பையர், அறுபது வயது, மாம்பழத்தைக் கத்தியால் வெட்டித் தின்கிறவள். இவளுடைய கான்வென்ட் இங்கிலீஷ் வீட்டில் ஹெல்கா தங்கியிருந்த நாட்களில்தான் உபயோகப்பட்டது. எங்கள் ஊரிலும் அதே கதைதான், என்றாள் அவள், ஆகஸ்டில் வியர்க்க வியர்க்கக் கோட்டு வாங்கினால் உண்டு, சைஸ் இருக்கும், நிறம் இருக்கும். குளிர் வந்தபிறகு வாங்கலாம் என்று இருந்தால் அக்டோபரில் மீடியம் தீர்ந்திருக்கும், டிசம்பரில் உண்மையாகவே நடுங்கிக்கொண்டு கடைக்குப் போனால் நீச்சலுடைதான் தொங்கும். அப்படியானால் உங்கள் பெண்கள் குளிருவதற்கு முன்பே குளிரப்போகிறது என்று பயந்து வாங்குகிறார்களா என்று இவள் கேட்டாள். ஆமாம், பயத்தில்தான் விற்கிறோம் என்றாள் ஹெல்கா, மாங்கொட்டையை மட்டும் கையால் எடுத்துச் சப்பினாள், வெட்கப்பட்டுக்கொண்டே. நல்ல மனுஷி. என் தோளை இருபது வருஷமாக மார்க்கெட் பண்ணுகிற நல்ல மனுஷி. முன்னாலேயே பயந்தால் சைஸ் இருக்கும். தாமதமாகப் பயந்தால் எதுவும் இருக்காது. இதை அன்றைக்கே சொல்லிவிட்டுப் போனாள், இவள்தான் கோட்டைப் பற்றிச் சொல்கிறாள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஷர்மிளா, அந்தம்மா என்ன எழுதியிருக்காங்க, படி” என்றான் ஈஸ்வரமூர்த்தி. ஷர்மிளா லேப்டாப்பைப் பார்த்துத் தமிழில் சொன்னாள், உங்கள் அளவை நான் எப்போதும் நம்பியிருக்கிறேன், மேடம் மேல் மாட்டி போட்டோ அனுப்புங்கள், அவர்மேல் சரியாக நின்றால் எனக்குச் சரி, இனி பொம்மையைப் பார்க்கவில்லை, அனுமதி கொடுத்துவிடுகிறேன். “அவ்வளவுதான். முடிஞ்சுது” என்றான் அவன், தொடையைத் தட்டினான். “மாஸ்டர், அரை இஞ்ச் விடுங்க இடது முன்பக்கம். இப்பவே ஊசி குத்துங்க, போட்டோ எடுத்து அனுப்பிட்டு, ஒரு மணி கூரியருக்கு பீஸைக் குடுத்துட்டா, நாளைக்குக் காலைல கட்டிங் போட்டுரலாம்.” “அரை இஞ்சா?” “அரை இஞ்ச். உடம்பு கேக்குதில்ல?” “கேக்குதுங்க” என்றார் மாஸ்டர் தயங்கி, “ஆனா மனுஷருக்கு ரெண்டு பக்கமும் ஒரே மாதிரித்தானுங்களே…” “அந்தக் காலத்துல இருந்தே சந்திரி இடது பக்கம் பையைத் தூக்குவா, தோள் இறங்கியிருக்கும். ஏன் சந்திரி?” “ஆமாமா, பையைத்தான் தூக்கறேன்” என்றாள் சந்திரிகா. வாய் அதுபாட்டுக்குச் சொன்னது. இருபத்துநாலு வருஷப் பழக்கம், கேள்விக்கு விடை வேண்டியதில்லை, சுருதி சேர்ந்தால் போதும். மாஸ்டர் பக்கத் தையலைப் பிரித்தார், கத்தரியின் குளிர்ந்த அலகு பனியனை உரசிக்கொண்டு ஏறியது, நூல் டப் டப்பென்று அறுந்தது, அந்த இடத்தில் இறுக்கம் விட்டது. ஆகா. உடம்பு ஒரு நொடி உட்கார்ந்துகொண்ட மாதிரி இருந்தது. பிறகு அந்த இடைவெளியில் அவர் ஒரு பட்டைத் துணியை வைத்து ஊசி குத்த ஆரம்பித்தார், ஒன்று, இரண்டு, மூன்று, வாயிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து.

ஆக இடம் கொடுத்துவிட்டார்கள். அரை இஞ்ச். அந்த நெல்லிக்காய்க்கு ஒரு அறை கட்டிக் கொடுத்துவிட்டார்கள், கதவு நம்பர் போடாத குறை. நாளைக்குக் காலையில் பதினாலாயிரம் கோட்டு. எஸ், எம், எல், எக்ஸ்எல் எல்லாமே மீடியத்திலிருந்து பெருக்கிச் சுருக்குவதுதான், பதினாலாயிரம் கோட்டிலும் இடது பக்கம் அவளுடைய நெல்லிக்காய்க்கு இடம். வழக்கமாக அவளுக்குப் பிடித்த நினைப்பு ஒன்று உண்டு, யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் கர்வம் என்பார்கள். பேர் தெரியாத ஊரில், டிராம் நிற்கிற தெருவில், ஆயிரக்கணக்கான பெண்கள் அவளுடைய தோளை மாட்டிக்கொண்டு நடக்கிறார்கள், அவளுடைய இடுப்பு வளைவில் கையை வைத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் காத்திருக்கிறார்கள், திருப்பூரைத் தாண்டாத உடம்பு அங்கே பனியில் நடக்கிறது. இந்த வருஷம் அவர்கள் என்ன போட்டுக்கொள்வார்கள்? ஆகஸ்டு வெயிலில் ஒருத்தி, பயந்துபோய், முன்னாடியே வாங்கிவிடலாம் என்று கடைக்கு வருவாள், பாசிப்பச்சையைக் கண்ணாடிமுன் போட்டுப் பார்ப்பாள், வலது பக்கம் அழகாக நிற்கும், இடது பக்கம் கொஞ்சம் தொங்கும், கையால் தட்டித் தட்டி விடுவாள், எதற்கு இந்த இடம் என்று அவளுக்குத் தெரியாது. காலி இடம். அவளுக்கு அங்கே ஒன்றும் இருக்காது. இருக்கக் கூடாது, அவளுக்காவது. அந்த ஆகஸ்டில், அதாவது ஆடியில், நான் எங்கே இருப்பேன்? இந்தக் கேள்வி வந்ததும் வழக்கம்போல மனசு அடுப்படிக்கு ஓடியது, பால் வாங்க வேண்டும், யாழினி வெள்ளிக்கிழமை பெங்களூரிலிருந்து வருகிறாள், வத்தக்குழம்பு கேட்டாள், சுண்டக்காய் இருக்கிறதா, இருக்கிறது, டப்பாவில், சுண்டக்காய், எத்தனை பெரிசு இருக்கும் ஒரு சுண்டக்காய், மறுபடியும் அங்கேயே வந்து முட்டியது. எந்தக் காயைப் பார்த்தாலும் இப்படித்தான் ஆகிவிட்டது, மார்க்கெட்டுக்கே போக முடியவில்லை. போன வருஷம் ஒரு கல்யாணத்தில், மருந்து ஏற்றி முடி கொட்டிப்போன பத்மாவதி அக்கா விக் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், எல்லாரும் அவள் புடவையை மட்டும் பார்த்துப் பேசினார்கள், புடவை ரொம்ப அழகு என்றார்கள், இவளும் சொன்னாள், கண்ணை மேலே தூக்காமல். என்னிடமும் அப்படித்தான் பேசுவார்கள். நான் மீடியமாக இருக்க மாட்டேன். ஒரு பக்கம் எடுத்துவிட்டால் எந்த அட்டவணையில் சேர்ப்பார்கள்? பொம்மை வாங்குவான். வாங்கட்டும், பதினைந்து வருஷம் முன்னாலேயே வாங்கியிருக்க வேண்டும், ஆனால் அந்தப் பொம்மை ஸ்டூலில் ஏறி நிற்கிற காட்சி கண்ணுக்குள் வந்ததும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது, இதென்ன கேடுகெட்ட பொறாமை, கூண்டை இன்னொருத்திக்குக் கொடுக்க மனசு வராத கிளி.

“மேடம், கொஞ்சம் நிமிருங்க, போட்டோ” என்றாள் ஷர்மிளா போனைத் தூக்கிக்கொண்டு. கழுத்துக்குக் கீழே. “ஆகா, இப்பப் பாருங்க மாஸ்டர்” என்றான் ஈஸ்வரமூர்த்தி எழுந்து வந்து, ஒரு கண்ணைச் சுருக்கிக்கொண்டு, “ஒரு சுருக்கம் இல்லை. என்ன அழகா உக்காந்துட்டுது. நான் சொல்லலை?” அவன் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது, அதுதான் கொடுமை, கெட்டவன் என்றால் இவளுக்கு இத்தனை நாள் ஆகியிருக்காது. மூன்று பேரும் அவள் இடது மார்பைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், மூன்று பேரும் திருப்தியாக, ஒரு குறையும் தெரியவில்லை, கோட்டு அத்தனை நன்றாக மூடியிருந்தது. கழுத்துப் பட்டன் தொண்டைக்குழியை அழுத்தியது. எச்சில் முழுங்கினாள், பட்டன் ஏறி இறங்கியது. ஷர்மிளாவின் போன் கிளிக் என்றது. இன்னும் அனுப்பவில்லை. “ஷோல்டர்ஸ் பேக், சைல்ட்” என்றாள் எங்கிருந்தோ பெர்னதெத். போடி, என்றாள் சந்திரிகா மனசுக்குள், முதல் தடவையாக, நாற்பது வருஷம் தாமதமாக.

“அதை அனுப்பாதே ஷர்மிளா.”

“பிளர் ஆயிடுச்சா மேடம்? இன்னொண்ணு எடுக்கறேன்.”

“பிளர் இல்லை. மாஸ்டர், இடது பக்கத்தைத் தொடாதீங்க. வலது எப்படியோ அப்படியே இடதையும் வெட்டுங்க. ஜெர்மனிக்காரி பொம்மை சரியாத்தான் சொல்லுது.”

“நீ பேசாம நில்லு சந்திரி, மணி பன்னெண்டாகுது.”

“இருபத்துநாலு வருஷமா பேசாமத்தான் நிக்கறேன்.”

“அம்மிணி, பொம்மை சரின்னா இங்க எதுக்குங்க இழுக்குது?” என்றார் மாஸ்டர், உண்மையாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்று, ஐந்து மாதமாக அவரைத் தூங்கவிடாத கேள்வி அது. மேஜை ஓரத்தில் அவருடைய வெள்ளைச் சாக்குக்கட்டி கிடந்தது. சந்திரிகா குனிந்து எடுத்தாள், ஊசி ஒன்று விலாவில் குத்தியது, குத்தட்டும். தலையைச் சாய்த்துப் பார்த்து, பாசிப்பச்சைத் துணியின் மேல், இடது மார்பின் வெளிப்பக்கம், ஒரு வட்டம் போட்டாள். நெல்லிக்காய் அளவு. சின்ன நெல்லி இல்லை, பெரிய நெல்லி. இந்த முறை விலையைக் குறைக்கவில்லை.

“இதுக்கு” என்றாள்.

“ஏய், சாம்பிள்மேல…” என்று கையை நீட்டின ஈஸ்வரமூர்த்தி பாதியில் நின்றான். நீட்டின கை அப்படியே இருந்தது. மாஸ்டர் இரண்டு விரலையும் பின்னுக்கு இழுத்து மடக்கிக்கொண்டார், இத்தனை நாள் எதன் ஓரத்தில் ஊசி குத்திக்கொண்டிருந்தோம் என்று விரலுக்குத் தெரிந்துவிட்டது, வாயில் மிச்சமிருந்த ஒரு ஊசியை எடுத்துச் சட்டைக் காலரில் செருகினார். ஷர்மிளா போனைக் கீழே இறக்கினாள். பக்கத்து ஷெட்டில் ஓவர்லாக் மெஷின்கள் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தன.

“எப்ப இருந்து?” என்றான் அவன். குரல் அவனுடையதாக இல்லை.

மார்கழி என்று சொல்லலாம். டிசம்பர் என்று சொல்லலாம். இந்த அறையில் அதற்கெல்லாம் அர்த்தமில்லை. “முதல் சாம்பிள்ல இருந்து” என்றாள்.

அவர்கள் மூன்று பேரும் எண்ணினார்கள். அவள் பார்த்துக்கொண்டேயிருந்தாள், ஒருத்தருக்கும் விரல்விடக்கூடத் தேவைப்படவில்லை, தொழிலே அதுதான், முதல் சாம்பிள், கூரியர், கமெண்ட், இரண்டாவது, மறுபடி கூரியர், மூன்றாவது, இப்போது நாலாவது. எந்த டாக்டரும் இவ்வளவு துல்லியமாகத் தேதி போட முடியாது. மாஸ்டரின் கண் சுவரில் ஆணியில் தொங்குகிற பழைய அட்டை பேட்டர்ன்களுக்குப் போனது, கால் இஞ்ச் விட்டது, கால் இஞ்ச் எடுத்தது, எல்லாவற்றிலும் தேதியோடு அவர் கையெழுத்து. “மாசில கேட்டியே” என்றான் ஈஸ்வரமூர்த்தி, “கோயமுத்தூர் போகணும்னு.” “கேட்டேன்.” “நான் சுகர்னு…” “ஆமா.” அவன் வாய் ஏதோ சொல்லத் திறந்தது, ஷிப், என்று ஆரம்பிக்கிற உதட்டு வடிவம் அவளுக்கு மனப்பாடம், அது வந்தது, நின்றது, மூடியது. கைக்கடிகாரத்தைப் பார்த்தான், பழக்கம், பார்த்துவிட்டு வெட்கப்பட்டான்.

“கோட்டைக் கழட்டுங்க” என்றாள் சந்திரிகா, “வேகுது.”

மாஸ்டர் நகரவில்லை, இனி அவர் நகரமாட்டார் என்று தெரிந்தது. ஈஸ்வரமூர்த்திதான் ஸ்டூலுக்கு முன்னால் வந்தான். பதினாலாயிரம் கோட்டின் பட்டன் எந்தப் பக்கம், காஜா எந்தப் பக்கம் என்று தூக்கத்தில் சொல்கிறவன், இந்த அறையில் அவள் போட்டுக்கொண்ட ஒன்றையும் இதுநாள் வரை கழற்றியதில்லை, அதற்கு எப்போதும் வேறு ஆள் உண்டு. கீழ்ப் பட்டனில் தொடங்கினான். பெண்கள் கோட்டில் பட்டன் இடது பக்கம், அவன் விரல் வலது பக்கம் தேடியது, பிறகு கண்டுபிடித்தது, கெட்டியான காஜா, புதுசு. இரண்டாவது. மூன்றாவது. அவன் உச்சந்தலை அவளுக்கு நேர் கீழே இருந்தது, முடி இவ்வளவு வெளுத்துவிட்டதா, ஸ்டூலிலிருந்து எத்தனை வருஷமாக இந்தத் தலையைப் பார்க்கிறோம். நாலாவது பட்டனில் கை நின்றது. சாக்குக்கட்டி வட்டம் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. அதைத் தொடாமல் எப்படிப் போவது என்று அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

“பாத்துங்க” என்றாள் அவள், “அங்க ஊசி இருக்குது.”